ஏஜெண்டைக் கேளுங்கள்

நெல்சனுக்கு இந்த ஐம்பத்து நாலு வயதில் ஒழுங்காகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான், விமான டிக்கெட் போடுவது. அதையும் இப்போது ஊரில் உள்ள ஒவ்வொரு பொடியனும் டீக்கடை வாசலில் நின்றுகொண்டே போனில் போட்டுவிடுகிறான் என்றால் மனுஷனுக்கு எரியுமா, எரியாதா? எரிந்தது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற எரிச்சல், மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போகும்போதும் கூடவே போகும். மனைவி ஜூடி தட்டைப் போடும் முன்பே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பாள். எத்தனை பேர் வந்து விலையை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள் என்று அதற்கு அர்த்தம்.

கடை ராயபுரத்தில். ஒரு பக்கம் ஜெராக்ஸ், ஒரு பக்கம் மருந்துக்கடை, நடுவில் எட்டுக்குப் பத்து அறை. வாசலில் ‘நெல்சன் டிராவல்ஸ்’ என்று போர்டு. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். மகன் எண்ணெய்க் கறை படாமல் பிழைக்கட்டும் என்று டைப்ரைட்டிங் படிக்க வைத்தார். அது நெல்சனை மண்ணடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கொண்டுபோய் உட்கார வைத்தது. டிக்கெட் என்றால் சிவப்புக் கார்பன் ஒட்டிய புத்தகமாக இருந்த நாளில் தொழிலுக்கு வந்தவர். கல்யாணமான வருஷமே சொந்தக் கடை போட்டார். ராயபுரத்துக் கப்பல்காரர்கள், காசிமேட்டிலிருந்து குவைத்துக்குப் போன பையன்கள், திருவொற்றியூர் வெல்டர்கள், ஃபிட்டர்கள் என்று எத்தனையோ பேர் அவர் கொடுத்த காகிதத்தோடுதான் முதல் தடவை மீனம்பாக்கத்தைப் பார்த்தார்கள்.

அப்போது ஏர்லைன்காரனே கமிஷன் கொடுத்தான். பிறகு நிறுத்திவிட்டான். இப்போது டிக்கெட்டுக்கு மேல் வைக்கிற இருநூறு முந்நூறில்தான் குடித்தனம். அதையும் விடுகிறார்களா? எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு, அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனைத் தடவி, “அண்ணே, இதுல இருநூத்தம்பது கம்மியா கீதே” என்பான் ஒருத்தன். அங்கேயே போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினால், அதே ஆள் பதினைந்து நாள் கழித்து வந்து நிற்பான். தேதியைத் தப்பாக அமுக்கிவிட்டானாம், இல்லையென்றால் லக்கேஜ் சேர்க்க மறந்துவிட்டானாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே என்பான். நெல்சன் பார்த்துச் சொல்வார். திட்டிக்கொண்டேதான் சொல்வார்.

இவ்வளவு பேசுகிற நெல்சனும் ஏர்லைனிடம் நேராக வாங்குகிறவர் இல்லை. இது அவரிடம் டிக்கெட் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. மண்ணடியில் கலீலுல்லா என்று ஒரு மொத்த வியாபாரி இருந்தார். நெல்சன் பழைய ஆபீசில் இருந்தபோது பக்கத்து மேஜை. அவருடைய வெப்சைட்டில் பணம் கட்டித்தான் நெல்சன் டிக்கெட் எடுப்பார். கலீலுல்லா யாரிடம் எடுக்கிறார் என்று இவர் கேட்டதே இல்லை. இன்னொன்றும் உண்டு. டிக்கெட் போடும்போது பயணியின் போன் நம்பர் கேட்கும் இடத்தில் நெல்சன் தன் நம்பரைத்தான் போடுவார். கேட்டால், கப்பல்காரன் துறைமுகத்துக்குத் துறைமுகம் சிம் மாற்றுகிறான், சேதி வந்தால் எனக்கு வரட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன் என்பார். நியாயம்தான். ஆனால் உள்ளே வேறு கணக்கும் இருந்தது. வாடிக்கையாளரின் நம்பர் ஏர்லைனுக்குப் போனால், அடுத்த தடவை அவனுக்கே நேராகச் சலுகை விலை அனுப்பி இழுத்துவிடுவான் என்ற பயம். இது ஜூடிக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, இப்போது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு வருவோம். பெரிய வியாழன் பூசையில் கோயில் மணியை அடித்து நிறுத்தினால், சனி ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசை வரை மணி கிடையாது. நடுவில் கூப்பிட வேண்டுமென்றால் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். நெல்சன் கையில் முதல் செல்போன் வந்த வருஷத்திலிருந்து, அவரும் வியாழக்கிழமை சாயங்காலம் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார். கோயில் மணியே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது என் போன் எதற்குக் கத்த வேண்டும் என்று கேட்பார். கோயில் பங்கில் எல்லோருக்கும் இது தெரியும். பங்குச் சாமியார் ஒரு தடவை பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். அதில் நெல்சனுக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் வியாசர்பாடியில் இருக்கும் வரதனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வரதன் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். அவன் அண்ணனை மலேசியாவுக்கு அனுப்பியதும் நெல்சன்தான், அந்த அண்ணன் ஏமாந்துபோய் நின்றபோது திரும்பி வர டிக்கெட் எடுத்ததும் நெல்சன்தான். அதனால் மகள் மகிழினிக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்ததும், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தான். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிற முதல் ஆள் அந்தப் பெண். சான்றிதழில் முத்திரை வாங்குவதற்கே ஒன்றரை மாதம் போய்விட்டது. விசாவில் உள்ளே நுழையக் கடைசி நாள் பாஸ்கா ஞாயிறு. அன்றைக்குள் இறங்கவில்லை என்றால் விசா செத்தது, வேலையும் போனது.

மகிழினி புதன்கிழமைக்கு ஏர்லைன் சைட்டிலேயே பார்த்து வைத்திருந்தாள். தானே போட்டுக்கொள்வதாக மெல்லச் சொன்னாள். வரதன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நெல்சன் சிரித்துக்கொண்டே, “புதன் எதுக்கும்மா? சனிக்கிழமை சாயந்தரம் ஆறரைக்கு கீது, ஆயிரத்தி ஐந்நூறு கம்மி. நைட்டே எறங்கிடுவ. ஒரு நாள் கையில கீதுல்ல” என்றார். டிக்கெட்டை அச்செடுத்து, ஆறு முப்பது என்ற இடத்தைப் பச்சை மையால் வட்டமிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். நாலு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியும் அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றேகாலுக்கு நெல்சன் கோயிலில் ஏணி மேல் நின்று பீடத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் மெழுகு. யாரோ ஒரு பெண் உங்களைத் தேடி வந்து வாசலிலேயே நிற்கிறாள் என்று சொன்னார்கள். இறங்கிப் போனார். வரதனின் மனைவி வேம்பு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, லீவு கொடுக்காததால் மகளை வீட்டு வாசலிலேயே வழியனுப்பிவிட்டு டியூட்டிக்குப் போனவள். நீலச் சேலையோடு அப்படியே கடைக்குப் போய், மருந்துக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

“ண்ணா, பிளைட்டு மத்தியானம் ஒண்ணேகாலுக்கே பூட்ச்சாம். புள்ள அங்க நின்னுகினு கீது. உனுக்கு அடிச்சா போனு ஆஃப்ல கீதுன்னாரு அவுரு.”

அவள் அழவில்லை. மாத்திரை வேளையை நோயாளிக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். அப்படி இருக்காது, வேறு விமானமாக இருக்கும் என்று நெல்சன் என்னவோ உளறினார். பிறகு வீட்டுக்கு ஓடினார், அலமாரியைத் திறந்தார், போனை எடுத்தார். ஜூடி பின்னாலேயே வந்து, என்ன ஆயிற்று, சட்டையாவது மாற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழவே இல்லை.

சனிக்கிழமை டிராஃபிக்கில் ஆட்டோ வேலைக்கு ஆகாது என்று மெட்ரோ ஏறினார். போனை உயிர்ப்பித்ததும் சேதிகள் கொட்டின. அறுபத்து மூன்று. பாங்க், பால்கார அண்ணன், பெரிய வெள்ளி வாழ்த்து அனுப்பிய அறிவாளிகள், லோன் வேண்டுமா என்று கேட்கிறவன், எல்லாவற்றுக்கும் நடுவில் அது இருந்தது. வியாழன் இரவு ஏழு நாற்பது. ‘உங்கள் விமானம் சனிக்கிழமை 18.30க்குப் பதிலாக 13.15க்குப் புறப்படும்.’ அவர் போனை அணைத்தது ஐந்தரைக்கு. இரண்டு மணி நேரம், பத்து நிமிஷம். நெல்சன் அதையே திரும்பத் திரும்பப் படித்தார். படித்தால் மாறிவிடுமா? கண்றாவி, இவ்வளவு பெரிய ஏர்லைன், ஒரே ஒரு சேதியை ஒரே ஒரு நம்பருக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறானே என்று அவன் மேல் கோபம் வந்தது. அந்த ஒரே நம்பரைக் கொடுத்தது யார் என்று தோன்றியதும் கோபம் திரும்பி இவர் மேலேயே பாய்ந்தது.

ஏர்போர்ட்டில் வரதன் இரண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வந்துட்டியாண்ணே என்று மட்டும் சொன்னான், ஏதோ இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. மகிழினி கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர்.

வெளியே ஏர்லைனின் டிக்கெட் கவுண்டர் ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். நெல்சன் டிக்கெட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

“சார், இது ஏஜென்சி புக்கிங். நாங்க எதையும் மாத்த முடியாது. உங்க ஏஜெண்டைக் கேளுங்க.”

“நான்தாம்மா ஏஜெண்டு.”

அவள் இவருடைய மெழுகுச் சட்டையைப் பார்த்தாள். திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கு டிக்கெட் கொடுத்த ஏஜெண்டைக் கேளுங்க சார். இதுல வேற பேரு இருக்கு.”

அவள் மேல் தப்பே இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். நேரத்தை மாற்றியது நாங்கள்தான், நேராக எங்களிடம் போட்டிருந்தால் நாளை மத்தியானம் ஒன்றேகால் விமானத்தில் இப்போதே இலவசமாக மாற்றிக் கொடுத்திருப்பேன், அதில் இன்னும் இரண்டு சீட் இருக்கிறது என்று அவள் நல்ல மனதோடு சொன்னாள். வேண்டுமானால் புது டிக்கெட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். மகிழினி உடனே அப்பாவைப் பார்த்தாள். நெல்சன் கையை உயர்த்தி, அவசரப்படாதே, இலவசமாக வர வேண்டியதை நான் வாங்கித் தருகிறேன் என்றார். இருபத்தைந்து வருஷத் தொழில். ஒரு கண்ணாடிக்கு முன்னால், தான் வழியனுப்ப வேண்டிய பெண்ணுக்கு முன்னால், அவரால் தோற்க முடியவில்லை.

கலீலுல்லாவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். ஐந்தாவது தடவை எடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தார். பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம். நெல்சன் தூணுக்குத் தூண் நடந்தார். வரதன் டீ வாங்கி வந்தான், அது ஆறிப்போனது. நாற்பதாவது நிமிஷம் போன் வந்தது.

“நெல்சா, என் கையிலயும் ஒண்ணுமில்ல. நான் எடுத்தது டெல்லிக்காரன்கிட்ட. அங்க போனை எவனும் எடுக்கல, திங்கக்கெழமதான் ஆளு வருமாம். பொண்ணு ஏறலன்னு வேற சிஸ்டத்துல விழுந்துடுச்சு. ரீஃபண்டுக்கு எழுதிப் போடறேன், வேற இன்னா சொல்றது?”

ஆக, நெல்சன் கலீலுல்லாவிடம், கலீலுல்லா டெல்லிக்காரனிடம், டெல்லிக்காரன் யாரிடமோ. நெல்சன் கவுண்டருக்கு ஓடினார். அந்த இரண்டு சீட்டும் போய்விட்டிருந்தது. கால் மணி நேரம் முன்னால்தான் சார் என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே வருத்தப்பட்டு.

நெல்சன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது? ஒரு தடவையில்லை, இரண்டு தடவை மகிழினியின் வழியை அடைத்து நின்றது அவரேதான்.

“அங்கிள், நானே போடட்டா?”

மகிழினி போனை நீட்டினாள். வேறொரு ஏர்லைன். எட்டு நாற்பதுக்குக் கிளம்பி, கொச்சியில் மாறி, விடிகாலை நாலு மணிக்கு மஸ்கட். இவர் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தபோதே அவள் எடுத்து வைத்துவிட்டு, பெரியவர் ஏதோ முயற்சி செய்கிறார், குறுக்கே பேசக் கூடாது என்று காத்திருந்திருக்கிறாள். விலை முதல் டிக்கெட்டைப் போல இரண்டரை மடங்கு. நெல்சன் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். வரதன் தடுத்தபோது அவன் கையைத் தட்டிவிட்டார். அவள் பேரைப் போட்டாள், பாஸ்போர்ட் நம்பரைப் போட்டாள், தன் போன் நம்பரைப் போட்டாள். ஏழு நிமிஷம். டிங் என்று அவள் போனிலேயே டிக்கெட் வந்தது. நடுவில் ஒரு ஆள் இல்லை.

உள்ளே போகும் வாசலில் அவள் நின்றாள். சொல்வதா வேண்டாமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது.

“அங்கிள், வெள்ளிக்கிழமை காலைல ஏர்லைன் சைட்ல டிக்கெட் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அப்பவே ஒண்ணேகாலுன்னுதான் இருந்துச்சு.”

நெல்சனுக்குப் புரியவில்லை. பிறகு ஏன் ஆறரைக் கணக்கில் வந்தாய் என்று கேட்டார்.

“உங்களுக்குப் போன் பண்ணோம், ஆஃப்ல இருந்துச்சு. அப்பா சொன்னாரு, நெல்சண்ணன் பேப்பர்ல இன்னா கீதோ அதான் டைமு, போன்ல காட்டறதையெல்லாம் நம்பாதன்னு. எனக்கும் உங்க பேப்பர்தான் சரியா இருக்கும்னு தோணுச்சு.”

வரதன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்தான். தப்பு செய்தவன் அவன்தான் என்கிற மாதிரி.

அவள் உள்ளே போன பிறகு இருவரும் ஒரே மெட்ரோவில் திரும்பினார்கள். நெல்சன் மன்னிப்புக் கேட்டார். போகட்டும் விடுண்ணே என்றான் வரதன். ஒரு வார்த்தை திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று வழி முழுக்க எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாவி மனுஷன், வண்ணாரப்பேட்டையில் இறங்கும்போது பூசைக்கு நேரமாகிவிட்டதா என்று இவரைக் கேட்டான்.

பாஸ்கா ஞாயிறு பதினோரு மணிக்கு வரதன் வீட்டுக்கே வந்தான். ஜூடி கதவைத் திறந்துவிட்டுக் கவலையோடு உள்ளே பார்த்தாள். இப்போதுதான் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நெல்சனும் நினைத்தார், வரட்டும் என்று எழுந்து நின்றார். வரதன் போனை நீட்டினான். மகிழினியின் பாஸ்போர்ட் பக்கம், அதில் அன்றைய தேதி போட்ட முத்திரை. ஆஸ்பத்திரி வண்டியே வந்து கூட்டிப் போய்விட்டதாம். ஜூடி சிலுவை போட்டுக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அடுப்படிக்கு ஓடினாள்.

வரதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வேம்புவின் தங்கை மகன் வெற்றி அடுத்த மாதம் துபாய்க்கு வெல்டர் வேலைக்குப் போவதாகச் சொன்னான். “டிக்கெட்டு நீதாண்ணே போட்டுக் குடுக்கணும்.”

நெல்சனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“உனுக்கு சூடு சொரண கீதா இல்லியா வரதா? நேத்து இன்னா நடந்துச்சுன்னு கூடவேதான நின்ன? அந்தப் பையன் கையில போன் கீதுல்ல. நேரா ஏர்லைன்லயே போடச் சொல்லு. என்னாண்ட வராத. நான் சொல்றேன், இருவத்தஞ்சு வருசமா இத்த வித்துகினு கீறவன் சொல்றேன். நேரா போடச் சொல்லு.”

சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். தன் வாயாலேயே தன் கடைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

“நேரா போடலாம்ணே. நாளைக்கி ஒண்ணுன்னா அவன் யாராண்ட ஓடுவான்? ஏர்லைன்காரன் வூடு எனுக்குத் தெரியுமா? நேத்து நீ கோயில வுட்டுட்டு ஓடியாந்தியே.”

ஓடிவந்து என்ன கிழித்தேன் என்று நெல்சன் கேட்கலாம், அந்தக் கேள்விக்கும் இவன் ஏதாவது நல்ல பதில் வைத்திருப்பான். அடுப்படியிலிருந்து ஜூடி எட்டிப் பார்த்தாள். நெல்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடு கேட்டார்:

“எத்தினாம் தேதி?”